சர்கம்ஸ்பெக்ட்லி: அகராதி சொன்னதும் சொல்லாததும்



போன முறை 'பிரின்சிபல்', 'பிரின்சிபிள்' இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதியிருந்தேன். "டீச்சர், ரிட்டயர் ஆகியும் எங்களை விடமாட்டீங்களா?" என்று ஒருத்தி கேட்டிருந்தாள். விடமாட்டேன். முப்பத்து நாலு வருஷம் சாக்பீஸ் பிடித்த கை, இப்போது போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்றைக்குக் கொஞ்சம் கனமான வார்த்தை. சர்கம்ஸ்பெக்ட்லி. உங்கள் பாடப் புத்தகத்தில் நான் நடத்திய வருஷங்களில் இது வந்ததாக நினைவில்லை. தினசரிப் பேச்சில் யாரும் சொல்லவும் மாட்டார்கள். ஆனால் தீர்ப்புகளில் வரும், அலுவலகக் கடிதங்களில் வரும், ஆங்கில நாளிதழின் தலையங்கத்தில் வரும். வருகிற இடமெல்லாம் கொஞ்சம் ஆபத்தான இடம். அதனால்தான் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு. 13 எழுத்து உள்ள வார்த்தை. அதில் மூன்று 'சி' வரும். முதல் 'சி'க்கு 'ஸ' சத்தம், மற்ற இரண்டுக்கும் 'க' சத்தம். அழுத்தம் முதல் அசையில்: சர்-கம்-ஸ்பெக்ட்-லி. நடுவில் உள்ள 'ஸ்பெக்'கில் அழுத்தம் கொடுத்து வாசிக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். தப்பாகக் கேட்கும், ஆனால் குடி முழுகிப் போகாது.

இனி உடைத்துப் பார்ப்போம். லத்தீன் மொழியில் 'சர்கம்' என்றால் சுற்றிலும். சர்க்கிள், சர்க்கஸ், வட்டத்தின் சுற்றளவைச் சொல்லும் சர்கம்ஃபரன்ஸ் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். 'ஸ்பெக்' என்றால் பார்ப்பது. கண்ணாடிக்கு ஸ்பெக்டகிள்ஸ் என்று பெயர் வந்தது அதனால்தான். இரண்டையும் சேர்த்தால் சுற்றிலும் பார்ப்பது. சர்கம்ஸ்பெக்ட் என்பது அப்படிச் சுற்றிப் பார்த்து நடக்கும் ஆளின் குணம். 'லி' சேர்த்தால் வினைக்கு அடைமொழி ஆகிவிடுகிறது: அப்படிப் பார்த்து நடந்தான், பார்த்துப் பேசினாள்.

இந்த 'பார்க்கிற' குடும்பம் பெரிய குடும்பம். உள்ளே பார்ப்பது இன்ஸ்பெக்ட். நம் பள்ளிக்கு இன்ஸ்பெக்ஷன் வருகிற நாளை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அன்றைக்குத்தான் எல்லா நோட்டுக்கும் பிரவுன் அட்டை வரும், கரும்பலகையில் தேதி ஒழுங்காக இருக்கும், நோட்டு எழுதாத நாலு பேர் திடீரென்று விளையாட்டு அறையைச் சுத்தம் செய்யப் போய்விடுவார்கள். அதிகாரி உள்ளே பார்த்தார், ஆனால் சுற்றிலும் பார்க்கவில்லை. கீழ்ப்பக்கமாக இருந்து பார்ப்பது சஸ்பெக்ட், அதாவது சந்தேகம். திரும்பிப் பார்ப்பது ரெஸ்பெக்ட். முன்னால் பார்ப்பது பிராஸ்பெக்ட். மேலே நின்றுகொண்டு கீழே பார்ப்பது டெஸ்பைஸ், அதாவது இளக்காரம். ஆஸ்பிஷியஸ் என்று கல்யாணப் பத்திரிகையில் போடுகிறீர்களே, அதுகூட இந்தக் குடும்பம்தான். பறவை பறப்பதைப் பார்த்துச் சகுனம் சொன்ன ரோமானியர்களின் சொல் அது. நாம் பல்லி சத்தத்தைக் கேட்டுச் சொன்னோம், அவர்கள் பறவையைப் பார்த்துச் சொன்னார்கள்.

தமிழில் யோசித்துப் பாருங்கள். நாமும் கவனத்துக்குப் 'பார்' என்ற சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறோம். "பார்த்துப் போ", "பார்த்துப் பேசு", "பார்த்துச் செலவு பண்ணு". பிள்ளை படியில் இறங்கும்போது வெறுமனே "பார்த்து!" என்று ஒரே சொல்லில் கத்துகிறோம். அந்த ஒரு சொல் போதும், வேறு விளக்கம் வேண்டாம். லத்தீன்காரனும் நம்மைப் போலத்தான் நினைத்திருக்கிறான். கவனம் என்பது கண்ணில் தொடங்குகிற விஷயம் என்று.

அப்படியானால் சர்கம்ஸ்பெக்ட்லி என்பதற்கு நேர் தமிழ் 'சுற்றுமுற்றும் பார்த்து' என்று எழுதிவிடலாமா? எழுதக்கூடாது. "சுத்தும்முத்தும் பார்த்துட்டு மாங்காயைப் பறிச்சான்" என்றுதான் நம் ஊரில் சொல்வோம். தமிழில் அந்தத் தொடருக்கு லேசாகத் திருட்டு வாசம் உண்டு. ஆங்கிலச் சொல்லில் அது கிடையாது. அது மரியாதையான சொல். ஒருவர் ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன் அதனால் யார் யாருக்கு என்ன ஆகும், நாளைக்கு யார் என்ன கேள்வி கேட்பார்கள், எங்கே பேச்சு திரும்பும் என்று எல்லாப் பக்கமும் யோசித்துச் செய்கிறார் என்று பொருள். 'முன்பின் யோசித்து' என்பது ஓரளவு கிட்டே வருகிறது.

மற்ற கவனச் சொற்களோடு வைத்துப் பார்த்தால்தான் இதன் இடம் புரியும். கேர்ஃபுல்லி என்பது எல்லாவற்றுக்கும் பொது, நம் மிளகாய்ப் பொடி மாதிரி, எதில் போட்டாலும் ஒத்துப்போகும். கையெழுத்தைக் கேர்ஃபுல்லி எழுதலாம், குழந்தையைக் கேர்ஃபுல்லி தூக்கலாம். காஷியஸ்லி என்றால் ஆபத்து இருக்கலாம் என்று தெரிந்து வேகத்தைக் குறைப்பது. மழைத் தண்ணீர் நிற்கிற ரோட்டில் வண்டி ஓட்டுவது அப்படி. வேரிலி என்றால் எதிரில் உள்ள ஆள்மேல் நம்பிக்கை இல்லாமல் கண்ணை எடுக்காமல் இருப்பது. தெருநாயைத் தாண்டிப் போகிற பூனையைப் பார்த்திருக்கிறீர்களா, அது வேரிலி. ஜிஞ்சர்லி என்றால் உடம்பால் மெல்ல, நோகாமல். சூடான பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பது, கால் முள்ளை எடுப்பது.

சர்கம்ஸ்பெக்ட்லி இவற்றில் எதற்கும் ஒத்துவராது. கொதிக்கிற எண்ணெயில் அப்பளத்தைச் சர்கம்ஸ்பெக்ட்லி போட்டாள் என்று எழுதினால் சிரிப்புத்தான் வரும். வண்டியும் அப்படி ஓட்ட முடியாது. பேசலாம், எழுதலாம், பதில் சொல்லலாம், செலவு செய்யலாம், ஒரு விவகாரத்தில் நடந்துகொள்ளலாம். மனிதர்கள் சம்பந்தப்பட்ட இடத்தில்தான் அந்தச் சொல்லுக்கு வேலை.

நம் வீட்டு உதாரணம் ஒன்று சொல்கிறேன். பெண் வீட்டார் பையனைப் பற்றி விசாரிக்க வருகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், "பையன் எப்படிங்க?" என்கிறார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொள்கிறார். "நல்ல குடும்பம். அவங்க தாத்தா ரொம்பத் தங்கமான மனுஷன். பையன் வேலைக்குப் போறான். வாடகைக்குத்தான் வெளியூர்ல இருக்கான், அதனால எனக்கு அவ்வளவா பழக்கமில்ல. நீங்க நாலு இடத்துல விசாரிச்சுக்கோங்க." பொய் ஒன்றும் சொல்லவில்லை. கோள் ஒன்றும் மூட்டவில்லை. நாளைக்குக் கல்யாணம் நடந்தாலும் நடக்காவிட்டாலும் இரண்டு வீட்டிலும் அவர் காபி குடிக்கலாம். ஆனால் கேட்க வந்தவர் புத்திசாலியாக இருந்தால் தாத்தாவைப் பற்றிச் சொன்னதும் பேரனைப் பற்றிச் சொல்லாததும் அவருக்குப் புரிந்துவிடும். இதுதான் சர்கம்ஸ்பெக்ட்லி பேசுவது. 'பகலில் பக்கம் பார்த்துப் பேசு, இரவில் அதுவும் பேசாதே' என்ற நம் பழமொழி இந்த லத்தீன் சொல்லுக்கு அக்கா மாதிரி.

இது எவ்வளவு பழைய சொல் என்பதற்கு ஒரு கதை உண்டு. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில், 1280களில், இங்கிலாந்தில் முதலாம் எட்வர்ட் ராஜா ஆண்டுகொண்டிருந்தார். அரசனுடைய நீதிமன்றங்களுக்கும் திருச்சபை நீதிமன்றங்களுக்கும் எது யார் எல்லை என்று ஓயாத தகராறு. அப்போது ராஜா தன் நீதிபதிகளுக்கு ஓர் ஆணை அனுப்பினார். நாரிச் ஆயர் மற்றும் அவருடைய குருமார் விஷயத்தில் சுற்றிலும் பார்த்து நடந்துகொள்ளுங்கள், ஆன்மிகம் சம்பந்தப்பட்ட வழக்குகளை அவர்கள் விசாரித்ததற்காகத் தண்டித்துவிடாதீர்கள் என்பது அதன் சாரம். லத்தீனில் அந்த ஆணையின் முதல் இரண்டு வார்த்தைகள் 'சர்கம்ஸ்பெக்டே அகாடிஸ்'. இன்றைக்கும் சட்ட வரலாற்றில் அந்த ஆணைக்கு அதுவே பெயர். ராஜா நீதிபதிகளைத் திட்டவில்லை. தள்ளி வைக்கவும் இல்லை. இது வழுக்கும் இடம், பார்த்து நடங்கள் என்றார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1611இல் வெளிவந்த ஜேம்ஸ் அரசர் பதிப்பு ஆங்கில வேதாகமத்திலும் இந்தச் சொல் இருக்கிறது. எபேசியருக்கு எழுதிய நிருபம், ஐந்தாம் அதிகாரம், பதினைந்தாம் வசனம். அறிவில்லாதவர்களைப் போல அல்லாமல் அறிவுள்ளவர்களைப் போல நடந்துகொள்ளச் சொல்கிற இடம். கிரேக்க மூலத்தில் உள்ள சொல்லுக்குத் துல்லியமாக, பிசகாமல் என்று பொருள். பிற்கால ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல அந்த இடத்தில் சாதாரணமாகக் கேர்ஃபுல் என்று போட்டுவிட்டன. எனக்கென்னவோ பழையதுதான் பிடித்திருக்கிறது. நடை என்கிற வார்த்தையோடு சேரும்போது, காலைக் கீழே வைப்பதற்கு முன் சுற்றிலும் பார்க்கிற ஒரு ஆள் கண்ணுக்குத் தெரிகிறார்.

நம் நாட்டில் இந்தக் குடும்பச் சொல் வாழும் இடம் நீதிமன்றம். அங்கே பெரும்பாலும் பெயர்ச்சொல்லாக, 'வித் சர்கம்ஸ்பெக்ஷன்' என்று வரும். ஹரியானா மாநிலத்துக்கும் பஜன்லாலுக்கும் நடந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது ரொம்பப் பிரசித்தம். ஒருவர் மீது போடப்பட்ட குற்ற வழக்கை உயர் நீதிமன்றம் எப்போது ரத்து செய்யலாம் என்று ஏழு வகையான நிலைமைகளை எடுத்துக்காட்டாகப் பட்டியலிட்டுவிட்டு, இந்த அதிகாரத்தை மிக அரிதாகவும் சர்கம்ஸ்பெக்ஷனோடும்தான் பயன்படுத்த வேண்டும் என்று எச்சரித்து வைத்தது. அப்போது அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482ஆம் பிரிவு. இப்போது வந்திருக்கிற புதிய சட்டத்தில் 528. எண் மாறினாலும் அந்தச் சொல்லை இன்றும் தீர்ப்புகளில் பார்க்கலாம். இங்கேயும் கவனியுங்கள், அறிவுரை யாருக்கு? உயர் நீதிமன்ற நீதிபதிகளுக்கு.

இவ்வளவு தூரம் வார்த்தையைச் சுற்றி வந்ததற்குக் காரணம் இருக்கிறது.

இரண்டு மாதத்துக்கு முன் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். பெயரும் ஊரும் வேண்டாம், எழுதலாம் என்று அவளே சொன்னாள், பெயர் இல்லாமல். படிப்பில் நடுத்தரம், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். தகப்பனார் இறந்த பிறகு தட்டுத்தடுமாறி பரீட்சை எழுதி, மத்திய அரசு சார்ந்த ஓர் அலுவலகத்தில் வேலைக்குப் போனவள். அந்த வீட்டில் நிரந்தரச் சம்பளம் அவளுடையது மட்டும்தான்.

"டீச்சர், ஒரு லெட்டர் அனுப்பியிருக்கேன். இங்கிலீஷ் மட்டும் சரி பண்ணிக் குடுங்க. நாளைக்குக் கொடுக்கணும்."

வாட்ஸாப்பில் இரண்டு பக்கம் வந்திருந்தது. இலக்கணம் மோசமில்லை, இரண்டு இடத்தில் 'தி' விட்டுப்போயிருந்தது. விஷயம்தான் என்னைத் தூக்கி வாரிப்போட்டது. நான் தவறு செய்துவிட்டேன், என் அலட்சியத்தால் இது நடந்துவிட்டது, என்னை மன்னித்து ஒரு வாய்ப்புத் தர வேண்டும், என் குடும்பம் என்னை நம்பி இருக்கிறது என்று முழுக்க முழுக்க வாக்குமூலம். "என்னம்மா செஞ்சே?" என்றேன். "ஒண்ணுமே செய்யல டீச்சர்" என்று அழுதாள்.

நடந்தது இதுதான். சொத்துத் தகராறில் உள்ள ஒருவர் வந்து ஒரு கோப்பைப் பார்க்கக் கேட்டிருக்கிறார். முறைப்படி மனு வாங்கி, மேலாளரிடம் காட்டி, அதன் பிறகுதான் இவள் காட்டியிருக்கிறாள். எதிர்த் தரப்பு, இவள் காசு வாங்கிக்கொண்டு ரகசியமாகக் காட்டிவிட்டாள் என்று புகார் எழுதிப் போட்டுவிட்டது. விசாரணை நடந்தது. மூன்று மாதம் கழித்து மண்டல அலுவலகத்திலிருந்து ஆங்கிலத்தில் ஒரு மெமோ. அதன் கடைசி வரியில் இருந்த வார்த்தைதான் சர்கம்ஸ்பெக்ட்லி. பிள்ளை போனில் தேடியிருக்கிறாள். 'எச்சரிக்கையாக' என்று வந்திருக்கிறது. அவ்வளவுதான், வீட்டுக்காரரிடம் போய், "எனக்கு எச்சரிக்கை குடுத்துட்டாங்க" என்று சொல்லிவிட்டாள். அவர் பயந்துபோய், "உடனே மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடு" என்று சொல்லியிருக்கிறார். மாமியார் நேர்த்திக்கடன் போட்டுவிட்டார். இவள் நாலு நாளாகத் தூங்கவில்லை.

பாருங்கள், நம் தமிழில் எச்சரிக்கை என்ற சொல் இரண்டு வேலை பார்க்கிறது. "எச்சரிக்கையாக இரு" என்றால் கவனமாக இரு. அதில் அன்புகூட இருக்கலாம், அம்மா மகனுக்குச் சொல்வது. "எச்சரிக்கை விடுத்தார்கள்" என்றால் அடுத்த முறை விடமாட்டோம் என்கிற மிரட்டல். ஒரே சொல், ஒரு விகுதியில் வழி பிரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் காஷன் என்ற சொல்லுக்கும் இந்த இரட்டை வேலை உண்டு. இங்கிலாந்துப் போலீஸ் 'காஷன்' கொடுத்தால் அது பதிவில் ஏறும். ஆனால் சர்கம்ஸ்பெக்ட்லி என்ற சொல்லுக்கு அந்த இரண்டாவது வேலை கிடையாது. அதை வைத்துக்கொண்டு யாரையும் மிரட்ட முடியாது. அகராதியில் இருந்தது சரியான சொல்தான். அந்தச் சொல்லைப் பயத்தோடு வாசித்ததால் வேறு பொருள் வந்துவிட்டது.

"மெமோவைப் படம் எடுத்து அனுப்பு" என்றேன். பதினாலு வரி. முதல் பத்தி புகாரைப் பற்றி. இரண்டாம் பத்தியில், புகார் 'நாட் சப்ஸ்டான்ஷியேட்டட்' என்று இருந்தது. அதற்கு அப்புறம்தான், தன் பொறுப்பில் உள்ள ஆவணங்களைக் கையாளும்போது சர்கம்ஸ்பெக்ட்லி நடந்துகொள்ளுமாறு அவள் 'அட்வைஸ்ட்'.

"மேல உள்ள வரியை வாசிச்சியா?"

"வாசிச்சேன் டீச்சர். அந்த நீளமான வார்த்தை புரியல. 'நாட்'டுன்னு இருந்துச்சா, ஏதோ நான் சொன்ன பதில் திருப்தி இல்லேன்னு சொல்றாங்கன்னு நெனச்சேன்."

சப்ஸ்டான்ஷியேட் என்றால் ஆதாரம் காட்டி நிலைநாட்டுவது. நாட் சப்ஸ்டான்ஷியேட்டட் என்றால் புகாருக்கு ஆதாரம் இல்லை, நிரூபிக்கப்படவில்லை. அவளை விடுவிக்கிற வரி அதுதான். அந்த வரியைத் தாண்டி ஓடி, கீழே இருந்த ஒரு வினையடையைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் அழுதிருக்கிறாள். அந்த மன்னிப்புக் கடிதம் மட்டும் போயிருந்தால், யாராலும் நிரூபிக்க முடியாத குற்றத்தை அவளே தன் முத்துமுத்தான கையெழுத்தில் ஒப்புக்கொண்டு கோப்பில் வைத்ததாக ஆகியிருக்கும்.

எனக்கு ஆங்கிலம் தெரியும், அலுவலக விதி தெரியாது. அதனால் என் கொழுந்தனாரிடம் காட்டினேன். சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். (இதை வாசித்துவிட்டு மீசையை முறுக்குவார், முறுக்கட்டும்.) கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தரம் வாசித்தார். "மதினி, இதுல தண்டனை எதுவும் இல்ல. தண்டனைன்னா பட்டியல்ல முதல்ல இருக்கிறது சென்ஷர், கண்டனம். அந்த வார்த்தை இதுல வரல. 'வார்ன்'னு கூடப் போடல, 'அட்வைஸ்'னு போட்டிருக்கான். வேலை முடிஞ்ச கேஸு. பெத்துக்கிட்டேன்னு கையெழுத்துப் போட்டுட்டு, ஒரு நகலை வீட்ல பத்திரமா வெச்சுக்கச் சொல்லுங்க. மன்னிப்பு கின்னிப்புன்னு ஒரு வரி எழுதக்கூடாது."

இங்கேதான் பிள்ளைகளே, நான் வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்வேனே, வாக்கியத்தில் முதலில் வினையைக் கண்டுபிடி என்று. ஓர் உத்தரவு என்ன செய்கிறது என்பது வினையில் இருக்கும். அட்வைஸ்ட், வார்ன்ட், சென்ஷர்ட், டைரக்டட். இவை ஒவ்வொன்றுக்கும் சம்பளத்திலும் பதவி உயர்விலும் வேறு வேறு விலை. வினையடை அதன்மேல் போட்ட சட்டை. சட்டையைப் பார்த்துப் பயப்பட்டால் உள்ளே இருக்கும் ஆள் தெரியாமல் போய்விடும்.

அவளிடம் சொன்னேன். நிம்மதிப் பெருமூச்சு விட்டாள். பத்து நிமிஷம் கழித்துத் திரும்பவும் போன். இந்த முறை அழுகை இல்லை, கோபம்.

"டீச்சர், என்மேல தப்பில்லன்னு அவங்களே சொல்றாங்க. அப்புறம் எதுக்கு அந்தக் கடைசி வரி? ஒழுங்கா இருந்தவகிட்ட ஒழுங்கா இருன்னு எதுக்குச் சொல்லணும்?"

நல்ல கேள்வி. பத்தாம் வகுப்பில் வாயே திறக்காத பெண். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் சொன்னேன்: "அம்மா, சர்கம்ஸ்பெக்ட்லி நடந்துக்கிட்டது யாருன்னா, அந்த வரியை எழுதினவர்தான். உன்மேல தப்பு இருக்குன்னு எழுத அவர்கிட்ட ஆதாரம் இல்ல. உன்மேல ஒரு தப்பும் இல்லன்னு முழுசா எழுதினா, புகார் குடுத்தவன் நாளைக்கு மேலதிகாரிகிட்ட போயிடுவானோன்னு பயம். அதனால சுற்றிலும் பார்த்து, யாருக்கும் வலிக்காத மாதிரி, தனக்கும் வலிக்காத மாதிரி ஒரு வார்த்தையைத் தேடி எடுத்திருக்கார். பொண்ணு வீட்டுக்காரங்ககிட்டத் தாத்தாவைப் பத்திச் சொன்ன பெரியவர் மாதிரி."

இது நியாயமா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். குற்றமற்றவள் என்று கண்ட பிறகு அதை ஒரு வரியில் தெளிவாக எழுதிவிட்டு நிறுத்தியிருக்க வேண்டும். ஆயிரம் வருஷப் பெருமை உள்ள சொல்லாக இருந்தாலும், ஒரு பெண்ணின் நாலு நாள் தூக்கத்தைக் கெடுக்கிற இடத்தில் அது வந்து உட்கார்ந்திருக்கக் கூடாது. தமிழில் எழுதியிருந்தால் அவளுக்கு அப்போதே புரிந்திருக்கும். எழுதியவருக்குத் தமிழ் தெரியாது, சரி. எளிய ஆங்கிலமாவது தெரிந்திருக்குமே? 'நாட் புரூவ்ட்' என்று எழுத எத்தனை நேரம் ஆகும்?

அவளுக்கு அடுத்த வருஷம் பதவி உயர்வுக்குப் பெயர் போக வேண்டும். அந்த மெமோ அப்போது பேசுமா பேசாதா என்பது அப்போதுதான் தெரியும். நகல் அவளிடம் இருக்கிறது. சப்ஸ்டான்ஷியேட்டட் என்ற வார்த்தைக்குக் கீழே பென்சிலில் கோடு போட்டு வைத்திருக்கிறாளாம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன், கேட்டால் உங்களுக்குப் பிடிக்கும். மேலே ஜிஞ்சர்லி என்று சொன்னேன் அல்லவா? இஞ்சிக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். இஞ்சி தின்ற ஏதோ ஒன்று மாதிரி என்று ஒரு பையன் பரீட்சையிலேயே விளக்கம் எழுதியிருந்தான். சம்பந்தமே இல்லை. நளினமான, நல்ல குடியில் பிறந்த என்று பொருள்படும் ஒரு பழைய பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அது வந்திருக்கலாம் என்பார்கள். ஜென்டில் என்ற சொல்லுக்கு உறவு. முதலில் நாட்டியத்தில் காலை அழகாக எடுத்து வைப்பதைச் சொல்லப் பயன்பட்டு, பிறகு மெல்ல, நோகாமல் என்று ஆகிவிட்டது.

ஆனால் உண்மையான ஜிஞ்சர் இருக்கிறதே, அது நம்முடையது. 'இஞ்சிவேர்' என்ற நம் சொல் பாலி, பிராகிருதம் வழியாகச் 'சிங்கிவேர' ஆகி, கிரேக்கத்தில் 'ஜிங்கிபெரிஸ்' ஆகி, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது என்பது சொல்லாராய்ச்சியாளர்கள் பலரும் ஏற்கும் கருத்து. சமஸ்கிருதத்தில் அதைச் 'சிருங்கவேர' என்று ஆக்கி, கொம்பு போன்ற உடம்பு உள்ளது என்று காரணமும் கற்பித்துக்கொண்டார்கள். இஞ்சியைப் பார்த்தால் கொம்பு மாதிரித்தானே இருக்கிறது, யாரும் மறுக்க முடியாது.

கவனத்துக்கு நம் ஊரில் எத்தனை சொல் இருக்கிறது என்று நேற்று எண்ணிப் பார்த்தேன். ஜாக்கிரதை, அது விழித்திருப்பதைச் சொல்லும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்தது. உஷார், பாரசீகத்திலிருந்து வந்து போலீஸ் ஸ்டேஷனிலும் லாரி செட்டிலும் தங்கிவிட்டது. பத்திரம். நிதானம். பதனம். வள்ளுவர் இதற்குத் தெரிந்துசெயல்வகை என்று ஓர் அதிகாரமே வைத்தார், மறதியால் வரும் சோர்வு கூடாது என்பதற்குப் பொச்சாவாமை என்று இன்னொன்று. எங்கள் அப்பத்தா சொல்வது ஒரே சொல்தான்: சூதானம். பஸ் ஏறப் போனாலும், பரீட்சைக்குப் போனாலும், புருஷன் வீட்டுக்குப் போனாலும், "சூதானமா இருந்துக்க தாயி." மதுரை, தேனிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இந்தச் சர்கம்ஸ்பெக்ட்லி என்ற சொல்லுக்குத் தமிழில் ஒன்று போடச் சொன்னால் நான் சூதானமாக என்றுதான் போடுவேன். அகராதிக்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், வட்டார வழக்கு என்பார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

எழுதும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். இந்தச் சொல்லை வினைக்குப் பின்னால் போடுங்கள், அங்கேதான் இயல்பாக உட்காரும். ஒரு கடிதத்தில் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். விண்ணப்பத்தில் தன்னைப் பற்றியே "நான் சர்கம்ஸ்பெக்ட்லி வேலை செய்பவன்" என்று எழுதாதீர்கள், எதையோ மறைக்கிறவர் மாதிரி இருக்கும். அடுத்தவர் நம்மைப் பற்றிச் சொன்னால் அழகு. அட்வைஸ்ட்லி என்று ஒரு சொல் இருக்கிறது, அதையும் இதோடு குழப்பாதீர்கள். யாரோ அறிவுரை சொன்னதால் என்று அதற்குப் பொருள் இல்லை. நன்றாக யோசித்து, தெரிந்தேதான் இந்த வார்த்தையைப் போடுகிறேன் என்று பொருள். ஆங்கிலத்தில் ஒருவர் கடுமையான சொல் ஒன்றைச் சொல்லிவிட்டு அட்வைஸ்ட்லி என்று சேர்த்தால், அவர் வாபஸ் வாங்கப் போவதில்லை என்று புரிந்துகொள்ளுங்கள்.

வீட்டுப்பாடம் இல்லாமல் அனுப்பினால் உங்களுக்கே ஒரு மாதிரி இருக்கும். மூன்று வாக்கியம் தருகிறேன். காஷியஸ்லி, ஜிஞ்சர்லி, சர்கம்ஸ்பெக்ட்லி மூன்றில் எது எங்கே வரும் என்று எழுதுங்கள். ஒன்று: கால் சுளுக்கோடு மாமா மாடிப்படியில் இறங்கினார். இரண்டு: பங்காளித் தகராறில் இரண்டு பக்கத்தாரும் கேட்டபோது தாய்மாமன் பதில் சொன்னார். மூன்று: பனிமூட்டத்தில் டிரைவர் பஸ்ஸை ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் திருத்துவேன். பக்கத்தில் எழுதியிருப்பவரைப் பார்த்து எழுதினால் எனக்குத் தெரிந்துவிடும், முன்னாலும் தெரிந்ததுதான்.